புலப்படத்தில் இல்லாத தாழி



இன்றைக்கு உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள், கணினி வரைபடத்தைக் கொண்டு நம் பழைய இடங்களைக் காப்பாற்றுவது எப்படி என்பது. நெய்வேலிக்குப் பக்கத்து முத்தாண்டிக்குப்பத்தில் இதைப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் இதைப் பேச வேண்டும் என்று நினைப்பவன் நான். நான் நில அளவராக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். சங்கிலி இழுத்தவன், கிராஸ் ஸ்டாஃப் ஊன்றியவன், வெயிலில் எல்லைக்கல் தேடி அலைந்தவன். அந்த வேலையில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். செம்மண் எடுத்த பள்ளத்தை அளந்து, எவ்வளவு மண் போயிருக்கிறது என்று கணக்கெழுத என்னை அனுப்பினார்கள். பொக்லைன் அப்போதுதான் வேலையை நிறுத்தியிருந்தது. பள்ளத்தின் கிழக்குச் சுவரில் ஆள் இடுப்புயரத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தாழி! முதுமக்கள் தாழி! பூசணியைக் கத்தியால் இரண்டாக அறுத்ததுபோலப் பாதி மண்ணுக்குள் இருந்தது, பாதி லாரியில் போய்விட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாக எலும்புத் துணுக்குகள். அடியில் ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு உடையாமல் அப்படியே. வண்டி ஓட்டிய தம்பி அதை எடுத்து மண்ணைத் தட்டி, "சார், சுண்ணாம்புக் கலயம் மாதிரி இருக்கு" என்று என் கையில் கொடுத்தார். சுற்றிலும் அதே சுவரில் இன்னும் நான்கைந்து வட்டங்கள்.

நான் என்ன செய்தேன்? நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், ஆழம் அளந்தேன். கனமீட்டர் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிண்ணத்தை வரப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். புலப்படத்தில், அதாவது ஒவ்வொரு புலத்தையும் அளந்து வரைந்த படத்தில், கிணற்றுக்குக் குறியீடு உண்டு, வாய்க்காலுக்கு உண்டு, நடைபாதைக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு. தாழிக்கு எதுவும் இல்லை. குறியீடு இல்லாததை நானும் குறிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பக்கம் போனபோது பள்ளம் குட்டையாகியிருந்தது. எருமைகள் கிடந்தன.

அன்றைக்கு எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான். வரைபடத்தில் இல்லாத இடம் அரசாங்கத்தின் கண்ணிலும் இல்லை. சட்டத்தின் கையும் அங்கே எட்டாது. எவ்வளவு பழையதானாலும் சரி, எவ்வளவு பெரியதானாலும் சரி, புல எண்ணோடு ஒட்டாத வரலாறு பொக்லைன் வருகிற வரைக்கும்தான் உயிரோடிருக்கும்.

நெய்வேலிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு வரைபடத்தின் வலிமையைச் சொல்லித்தர வேண்டுமா? 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது? துளை போட்டார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசை வரிசையாகத் துளை போட்டார்கள். எந்தத் துளையில் எத்தனை அடியில் பழுப்பு நிலக்கரி தட்டுகிறது, எவ்வளவு கனம், அதற்குக் கீழே நீரூற்று எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்றெல்லாம் வரைபடமாக எழுதினார்கள். அதற்குப் பின்னால்தான் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைக் காகிதத்தில் முதலில் கண்டுபிடித்து அப்புறம் மண்ணில் எடுத்தவர்கள் நம் ஆட்கள்!

நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று மண்ணும் மணற்கல்லும் கிடக்கின்றன. சுரங்கத்துக்காரர்கள் அதை மேல்மண் என்பார்கள். நிலக்கரியை எடுக்க அகற்ற வேண்டிய சுமை அது. அந்த மேல்மண்ணின் மேல்தோல், முதல் இரண்டு மூன்று மீட்டர், அதுதான் நம் முன்னோர் நடந்த மண், சமைத்த மண், புதைத்த மண். நூறு மீட்டர் ஆழத்தைத் துளைத்துத் துளைத்து அறிந்தோம். மேலே இருந்த இரண்டு மீட்டரை யாராவது புலம் புலமாக நடந்து பார்த்து எழுதினோமா? சுரங்கத்தைக் குறை சொல்வதற்காக இதை நான் கேட்கவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் ஒரு புலத்தை ஒருமுறைதான் தோண்ட முடியும். தோண்டிய பிறகு திரும்பப் போய்ப் பார்க்க அந்தப் புலம் அங்கே இருக்காது. செம்மண் குவாரிக்கும் இதே கதைதான், நான்குவழிச் சாலைக்கும் இதே கதைதான், மனைப் பிரிவுக்கும் இதே கதைதான்.

இங்கே பழமை என்ன இருந்துவிடப் போகிறது, வெறும் முந்திரிக்காடுதானே என்று சொல்பவர்களுக்கு நம் பண்ருட்டி வட்டத்து மருங்கூரைக் காட்டுகிறேன். 2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எட்டு இடங்களில் அகழாய்வு தொடங்கியது. கீழடி ஒன்று, வெம்பக்கோட்டை ஒன்று, பொற்பனைக்கோட்டை ஒன்று. அந்தப் பட்டியலில் நம் மருங்கூரும் ஒன்று! இராசராச சோழன் காலத்துச் செம்புக் காசு அங்கே மண்ணிலிருந்து வெளிவந்தது. வடக்கே தென்பெண்ணையாற்றில் வெள்ளம் வடிந்தபோது எனதிரிமங்கலத்துப் பக்கம் உறைகிணறு தலைகாட்டியதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். திருவதிகை வீரட்டானத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. கடற்கரையோரம் போனால் பழங்காலத் தடயங்கள் கிடைத்த மணிக்கொல்லை, காரைக்காடு, குடிகாடு. இன்னும் கொஞ்சம் வடக்கே அரிக்கமேடு. கெடிலத்துக்கும் பெண்ணைக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில் இத்தனை இடம் இருக்கிறதென்றால், நடுவில் இருக்கிற நம் மேடுகளில் மட்டும் ஒன்றும் இல்லாமலா போய்விடும்?

வரைபடம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். நிலத்தை அளந்து எழுதுவதில் நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. இராசராசன் நாடு முழுவதையும் அளக்கச் சொன்னான். அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பேர். சோழர் செப்பேடுகளைப் படித்தால் ஒரு காட்சி வரும். ஓர் ஊரைக் கொடையாகக் கொடுக்கும்போது ஒரு பெண்யானையை நடத்துவார்கள். அது சுற்றி வந்த வழியே எல்லை. அந்த எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நடுவார்கள். கிழக்கெல்லை எந்த வாய்க்கால், தெற்கெல்லை எந்தப் புற்று, மேற்கெல்லை எந்தக் கரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செம்பில் வெட்டுவார்கள். அது சொல்லால் வரைந்த வரைபடம்!

அந்தச் சொல் வரைபடத்தைக் காகித வரைபடமாக்க ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்தார். பேராசிரியர் சுப்பராயலு. கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டு இன்றைய ஊரோடு பொருத்திப் பார்த்து, எந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது, எந்த நாடு எந்த வளநாட்டில் இருந்தது என்று சோழ மண்டலத்தை வரைந்து காட்டினார். அந்த நூல் 1973இல் வந்தது. அப்போது கணினி ஏது? எல்லாம் கையால் போட்ட கோடு. பிற்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் அவர் தலைமையில் தென்னிந்திய வரலாற்று நிலப்படத்தைக் கணினியில் உருவாக்கினார்கள். கல்வெட்டிருக்கும் ஊர் ஒரு புள்ளி, பெருங்கற்காலப் புதைவிடம் ஒரு புள்ளி, பழங்காசு கிடைத்த இடம் ஒரு புள்ளி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கலாம். ஆற்றங்கரையில் புள்ளிகள் எப்படிக் கொத்தாக நிற்கின்றன என்பதை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம்.

பிரெஞ்சு நிறுவனம் என்றதும் பக்கத்து விருத்தாசலம் நினைவுக்கு வருகிறது. விருத்தகிரீசுவரர் கோயில் சுவரில் ஒரு தேவகோட்டத்தில் கல்லில் செய்த அர்த்தநாரீசுவரர் நின்றிருந்தார். சிலை களவு போயிற்று. எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில், ஒரு கலைக்கூடத்தில் நின்றது. 2004இல் அவர்கள் அதை விலைகொடுத்து வாங்கியிருந்தார்கள். இது விருத்தாசலத்துச் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? பிரெஞ்சு நிறுவனத்தார் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருந்தார்கள். அந்தச் சேமிப்பில் அர்த்தநாரீசுவரர் இருந்தார். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த மாடம், எல்லாம் தெரிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து சிலையை ஒப்படைத்தார். சிலையின் அழகு அதை மீட்கவில்லை, நம் கண்ணீரும் மீட்கவில்லை. இடத்தோடு சேர்த்துப் பதிந்துவைத்த ஒரு படம் மீட்டது!

பதிவு இருந்தால் கடல் கடந்து போனதும் திரும்பி வரும். பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வெளியூர்க் கதை வேண்டாம், நம் நாட்டுக் கணக்கையே சொல்கிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள் 3,600க்கும் மேல். மத்தியக் கணக்குத் தணிக்கையாளர் அவற்றில் 1,655 இடங்களுக்கு நேரில் ஆளனுப்பிப் பார்த்து 2013இல் அறிக்கை கொடுத்தார். 92 சின்னங்களைக் காணவில்லை என்றது அறிக்கை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களையே காணவில்லை! பிறகு தேடினார்கள். 42 கிடைத்தன. மீதி 50இல் 14 ஊர் வளர்ச்சியில் போயின, 12 அணை நீரில் மூழ்கின, 24 எங்கே என்றே தெரியவில்லை. இவை நாடாளுமன்றக் குழுவுக்குச் சொன்ன கணக்கு. எப்படித் தொலைந்தன? பழைய பட்டியல்களில் ஊர்ப் பெயர் இருக்கும், "சாலையோரம் ஒரு கல்லறை" என்பதுபோல ஓர் அடையாளம் இருக்கும், அவ்வளவுதான். சாலை மாறியது, ஊர் பெருத்தது, அடையாளம் அழிந்தது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதியிருந்தால், கல்லறை இடிந்தாலும் இடம் தொலைந்திருக்காது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் தொல்லியல் துறையும் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் எல்லையோடு குறித்திருக்கின்றன. 2010இல் திருத்திய சட்டப்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானால் அனுமதி வேண்டும். முன்பெல்லாம் இந்த நூறு மீட்டர் எங்கே முடிகிறது என்பதே வழக்காகும். இன்றைக்கு மனையில் நின்று கைப்பேசியைப் பார்த்தாலே இடம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரிந்துகொள்ள வழி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள், இது பட்டியலில் இருக்கும் சின்னத்துக்கு. பட்டியலில் ஏறாத நம் தாழிமேட்டுக்கு நூறு மீட்டரும் கிடையாது, ஒரு மீட்டரும் கிடையாது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு இடம் சுற்றுப்புறத்தில் இருக்கிறதா? பதில் எழுதுபவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. பட்டியலில் இல்லையென்றால் "இல்லை" என்று உண்மையாகவே எழுதிவிடலாம்!

ஆகவே பட்டியலில் ஏற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். கீழடி எப்படி வந்தது? யாரோ ஒருநாள் மண்வெட்டியோடு போய்த் தோண்டியதில் வந்ததா? இல்லவே இல்லை. தொல்லியலாளர் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் ஒரு குழு வைகை தொடங்கும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம்வரை இரண்டு கரையிலும் ஊர் ஊராக நடந்தது. 293 இடங்களைக் குறித்தது. அந்த 293இல் ஒன்றுதான் கீழடி, 2015இல் தோண்டினார்கள். பிற்பாடு மாநிலத் தொல்லியல் துறை குழி வெட்டுவதற்கு முன்பே தரையை ஊடுருவும் ராடாரை ஓட்டியது, ட்ரோன் பறக்கவிட்டது. கருவி பின்னால் வந்தது, நடை முன்னால் வந்தது. வைகைக்கு 293 என்றால் கெடிலத்துக்கு எத்தனை, பெண்ணைக்கு எத்தனை? கால் கடுக்க நடந்தால்தான் தெரியும்.

கருவிகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. செய்தியில் லைடார் என்று படித்திருப்பீர்கள். வானூர்தியிலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சினால் அது இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். கணினி மரங்களை நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டும். கம்போடியாவில் 2012இல் இதைச் செய்தபோது, அங்கோர்வாட்டைச் சுற்றிய காட்டுக்குள் தெருவும் குளமும் கரையுமாக நகரமே தெரிந்தது. நம் முந்திரிக்காட்டிலும் பலாத்தோப்பிலும் மறைந்த கரையையும் மேட்டையும் அது காட்டும். மண்ணுக்குள் புதைந்த தாழியைக் காட்டாது. தாழி இருக்கும் இடம் உங்கள் பாட்டிக்குத் தெரியும். "அந்தப் பக்கம் பாண்டவர் குழி, விளக்கு வச்சப்புறம் போகாதே" என்று சொல்லியிருப்பார். சாம்பல்மேடு, கோட்டைமேடு, நத்தமேடு என்று நிலத்துக்கு வைத்த பெயர்களில் நம்மவர்கள் குறிப்பெழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை முதலில் வரைபடத்தில் ஏற்றுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே ஏற்றுங்கள்.

உங்கள் மனதில் ஓடும் ஒரு பயம் எனக்குத் தெரியும். நெய்வேலிச் சுற்று வட்டாரத்தில் நிலம் எடுப்பு என்ற சொல்லுக்கு என்ன வலி என்பதை அறியாதவனா நான்? "தாழி இருக்கென்று சொன்னால் நிலம் போய்விடுமோ?" நியாயமான கேள்வி. கீழடியில் தோண்டியது பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்பில். சொந்தக்காரர் சம்மதத்தோடு குழி வெட்டினார்கள், பதிந்து முடித்ததும் பல குழிகளை மூடினார்கள். ஒரு புள்ளி வைத்த மாத்திரத்தில் பட்டா மாறிவிடாது. மண்ணில் கிடைக்கும் பழம்பொருளை மறைப்பதுதான் குற்றம்; அதை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. இதை நான் பெரிதாகவே நினைக்கிறேன். வரைபடம் காவலனுக்கும் வழி காட்டும், கள்வனுக்கும் வழி காட்டும். காவல் இல்லாத இடத்தைக் கள்வன் அறிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சிரியாவில் அபாமியா என்றொரு பழைய ரோமானிய நகரம். 2011இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் வெறும் வயல். உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, 2012 ஏப்ரலில் எடுத்த படத்தில் அம்மைத் தழும்புபோல நிலமெல்லாம் குழி, புதையல் திருடர் தோண்டிய குழி. அந்தக் கொள்ளையின் அளவை உலகத்துக்குக் காட்டியது அந்தச் செயற்கைக்கோள் படம். ஆனால் அறிவதற்குள் நிறையப் போய்விட்டது. ஆகவே மாணவர்களே, தாழியையோ சிலையையோ பார்த்தவுடன் இடத்தோடு படம் பிடித்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். ஊருக்குள் ஒருவர் பார்க்கும் முன் வெளியூரில் நான்கு பேர் பார்ப்பார்கள். ராத்திரி மண்வெட்டி வரும்.

அரசாங்கத்தை நோக்கி எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நில அளவராக இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். இன்றைக்குப் புலப்படங்கள் கணினியில் ஏறிவிட்டன, பட்டாவையும் சிட்டாவையும் வீட்டிலிருந்தே பார்க்கிறோம். அதே புலப்படத்தின்மேல் தொல்லியல் துறையின் ஆய்வுப் புள்ளிகளை ஓர் அடுக்காக ஏற்றுங்கள். பொதுமக்களுக்குக் காட்ட வேண்டாம். செம்மண் எடுக்க, மனை பிரிக்க, சாலை போட, சுரங்கம் வெட்ட விண்ணப்பம் வரும்போது அந்தப் புல எண் சிவப்பாக எரிந்தால் போதும். "தொல்லியல் அலுவலர் பார்த்த பின் அனுமதி" என்று ஒரு வரி வந்தால் போதும். பதினைந்து நாள் தாமதமாகும். ஆகட்டுமே! மூவாயிரம் ஆண்டாகக் காத்திருக்கும் தாழிக்காக ஒரு லாரி பதினைந்து நாள் காத்திருக்கக் கூடாதா?

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், அது மிகச் சிறியது. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை உங்கள் கொல்லையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மழை மேல்மண்ணை அரித்துவிட்டிருக்கும். கறுப்பும் சிவப்புமாக ஓட்டாஞ்சில்லு கண்ணில் படும். ஒன்று இரண்டு என்றால் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் கைநிறையக் கிடந்தால், கனத்த ஓடு வட்டமாகத் தரையில் தெரிந்தால், தொடாதீர்கள், தோண்டாதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். தூரத்தில் நின்று, கிணறோ மரமோ தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். கைப்பேசியின் வரைபடத்தில் விரலை அழுத்தினால் வரும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், மரத்தடியில் இன்னும் தள்ளிக் காட்டும்; பரவாயில்லை, அதற்குத்தான் புல எண் இருக்கிறது. புல எண், உட்பிரிவு எண், ஊர்ப் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். ஒரு நகலைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் கோட்டைமேடு, சாம்பல்மேடு, பாண்டவர் குழி என்று ஒரு பெயராவது தெரிந்தவர்கள் அதை எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராத தாய்மார்கள் வாயால் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொள்கிறேன்.